இந்தக் கவுனுக்கு வயது என்ன இருக்கும்?

வணக்கம். பாட்டி பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு கவுனும் கைப்பையும் என்னிடம் வந்திருக்கின்றன. எந்தக் காலத்தவை என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.

கவுனின் இடது பக்கத் தையலில் உலோக ஜிப். நைலான் ஜிப் 1960களில்தான் பரவலானது, அதனால் அதற்கு முந்தையது என்று நினைத்தேன். ஆனால் ஜிப்பைச் சுற்றியுள்ள நூல் மட்டும் வேறு நிறம். பின்னால் மாற்றித் தைத்திருப்பார்களோ? உள்தையல் ஓரங்களை ரம்பப் பல் போல வெட்டியிருக்கிறார்கள், ஓவர்லாக் (நூல் பிரியாமல் ஓரத்தை மெஷினில் சுற்றித் தைப்பது) இல்லை. லேபிளில் அமெரிக்கத் தயாரிப்பு என்று இருக்கிறது, துவைக்கும் முறை இல்லை. அங்கே 1972 முதல் அது கட்டாயம். வேறு லேபிளைப் பிரித்த தடமும் தெரியவில்லை.

கைப்பையின் பிடி பேக்லைட் என்ற பழைய காலக் கெட்டிப் பிளாஸ்டிக்கா, பிற்காலப் பிளாஸ்டிக்கா? கீறாமல், சுடாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். படங்கள் இணைத்திருக்கிறேன்.