கணக்கு வராதவன் படிக்கிற படிப்பா சமூகவியல்?

மூன்றாமாண்டு மாணவன்: "கணக்கு வராதவன்தான் பி.ஏ. சமூகவியலில் சேருவான்" என்று நேற்று இந்த இணைய மன்றத்தில் ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நான் காரைக்குடியில் அதைத்தான் படிக்கிறேன். ஆய்வு முறைகள் தாளில் திட்ட விலக்கம், கை வர்க்கச் சோதனை (chi-square test) என்று புள்ளியியல் கணக்கெல்லாம் வருகிறது. அவர் பாடத்திட்டத்தைத் திறந்தாவது பார்த்தாரா?

தேவகோட்டையான்: எழுதியது நான்தான் தம்பி, பெயரைச் சொல்லியே திட்டலாம். ஒரு தாளில் நாலு சூத்திரம் வந்தால் அது கணக்குப் படிப்பாகிவிடுமா? எங்கள் ஐயா ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் வேலை பழகும் பையனாகப் போய்ப் பேரேடு எழுதினவர். அது கணக்கு.

ஆத்தங்குடி ஆச்சி: வந்துவிட்டது ரங்கூன். அண்ணே, சமூகவியலை நிறுவியவர்களில் ஒருவரான எமில் துர்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதிய நூலைப் புரட்டிப் பாருங்கள், அட்டவணை அட்டவணையாக இருக்கும். புராட்டஸ்டன்டுகளிடம் விகிதம் கூடுதல், கத்தோலிக்கரிடம் குறைவு என்று எண்ணை வைத்துத்தான் வாதாடுகிறார்.

தேவகோட்டையான்: துர்கைமுக்குக் கணக்கு வந்தது, சரி. இங்கே சேருகிற பிள்ளைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. பிளஸ் டூவில் கணக்கே எடுக்காதவனும் சேரலாமா, கூடாதா? ஆம், இல்லை, ஒரு சொல்லில் பதில்.

பள்ளத்தூர் பங்காளி: குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் சமூகவியலுக்கு இரண்டு தாள், 500 மதிப்பெண். பொறியியல் முடித்தவனே விருப்பப் பாடமாக அதைத்தான் எடுக்கிறான். அவனுக்குமா கணக்கு வராது?

தேவகோட்டையான்: என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். சமூகவியல் பட்டம் இல்லாமலே அதில் தேர்வு எழுதலாம் என்றால் மூன்று வருஷம் கல்லூரியில் உட்கார்ந்து என்ன செய்ய?

மூன்றாமாண்டு மாணவன்: கள ஆய்வுக்குப் போன ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஒரே கதவு எண், ஒரே வளவு, அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு. இரண்டாங்கட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் தனித்தனி அடுப்பு, தனித்தனி அரிசி டின். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். ஆக, அங்கே இரண்டு படிவம். சென்னையிலிருந்து வந்து பொங்கலுக்கு மட்டும் பூட்டைத் திறக்கிற மூன்றாவது பங்காளியை எதில் சேர்ப்பது? எங்கள் வகுப்பில் அரை நாள் சண்டை. பேரேட்டில் இதற்கு விடை இருக்கிறதா?

தேவகோட்டையான்: இரண்டு அடுப்பை எண்ண ஒரு பட்டமா! கல்யாணமானதும் தனி அடுப்பு கொடுத்து வேறு வைக்கிற வழக்கம் எங்கள் அப்பத்தா காலத்துக்கும் முந்தியது. நகரத்தாராகிய எங்கள் செட்டியார்களின் ஒன்பது நகரக் கோயிலிலும் புள்ளிக் கணக்கு இருக்கிறது, கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. எந்தச் சமூகவியல்காரன் வந்து எழுதிக் கொடுத்தான்?

பள்ளத்தூர் பங்காளி: அந்தக் கணக்கில் நகரத்தார் மட்டும்தானே வருகிறார்கள்? வளவைக் கூட்டினவர், வண்டி ஓட்டினவர், சமைத்துப் போட்டவர் எல்லாம் எந்தப் புள்ளி? அதைக் கேட்கத்தான் இந்தப் படிப்பு.

தேவகோட்டையான்: பேச்சை மாற்றாதீர்கள். கணக்கு வேண்டுமா, வேண்டாமா?

ஆத்தங்குடி ஆச்சி: நாலாவது தடவை. தேவகோட்டைக்காரர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் போதும், விடியும்வரை அதையே அரைப்பார்கள்.

தேவகோட்டையான்: ஊரை இழுக்காதே ஆச்சி. வீட்டைப் பூட்டிவிட்டு முதலில் கிளம்பினது காரைக்குடிக்காரன்தான்.

மூன்றாமாண்டு மாணவன்: அதற்கு ஆதாரம் உண்டா அண்ணே? எண்ணிப் பார்த்தீர்களா?

தேவகோட்டையான்: கண் இருக்கிறவனுக்கு எண்ண வேண்டியதில்லை.

ஆத்தங்குடி ஆச்சி: இதே கண்தான் போன வருஷம் எங்கள் ஊர்த் தரைக்கல்லை மெஷினில் அடிக்கிறார்கள் என்று சாதித்தது! கண்ணாடிமேல் வைத்துக் கையால் சாயம் ஊற்றுகிறார்கள் என்று படம் போட்டும் பதிலே இல்லை.

தேவகோட்டையான்: நான் சொன்னது மொசைக் கல்லை. பழைய இழையைத் தேடி எடுத்துப் போடு, பேசுவோம்.