பெரிய பல்கலையை விட்டுச் சின்னக் கல்லூரிக்குப் போவேன் என்கிறான் (பேஸ்பால்), வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும்

பிரிஸ்கோ அம்மா:
வணக்கம். டெக்சஸ் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. இரண்டு நாளாக எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பையன் 12-ஆம் வகுப்பு, பேஸ்பால் ஆடுகிறான். இங்கே எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கோச், "வா, எடுத்துக்கொள்கிறோம்" என்று மெயில் அனுப்பியிருக்கிறார். போய்ப் பார்த்தோம். மைதானம், ஜிம், வீரர்களுக்கென்று தனிச் சாப்பாட்டுக்கூடம், எல்லாம் கண்ணைப் பறிக்கிறது. இவனோ மொத்தமே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் படிக்கிற ஒரு கல்லூரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அங்கே மைதானத்தில் நாலு வரிசை அலுமினியப் பெஞ்சு, அவ்வளவுதான். அந்தச் சின்னக் கல்லூரிக் கோச் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு கேட்கிறார். ஊரிலிருந்து மாமனார், "பேர் தெரியாத காலேஜுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?" என்கிறார். நல்லா ஆடுகிற பிள்ளைகள் இப்படிச் சின்ன இடத்துக்குப் போவார்களா? ஏதாவது ஏமாற்று வேலையா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

எடிசன் பழசு:
மேடம், முதலில் பையன் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு எடுத்து வையுங்கள். இந்த நாட்டில் கிரெடிட் ஹிஸ்டரி இல்லாவிட்டால் மனுஷனே இல்லை. நான் ஜனவரி மாதம் நியூஜெர்சியில் இறங்கினேன். கார் கிடையாது, பனியில் பால் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமாக நடந்தேன். அபார்ட்மெண்ட்காரன் மூன்று மாத முன்பணம் கேட்டான். அப்போது யாரும் எனக்கு மைதானம் காட்டவில்லை. பந்து சோறு போடாது. ரேங்கைப் பார்த்துப் பெரிய பல்கலையில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேருங்கள், விஷயம் முடிந்தது.

கேட்டி சித்தப்பா:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெரிய பல்கலை, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மேல்தட்டான டிவிஷன் 1-ஆக இருக்கும். டிவிஷன் 1 பேஸ்பாலில் ஒரு அணிக்கு மொத்தம் 11.7 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குப் பணம், அதை 27 பேர் வரை பிரித்துக்கொள்வார்கள், ஆளுக்குக் குறைந்தது கால் பங்கு நிச்சயம். சின்னக் கல்லூரி டிவிஷன் 3 என்றால் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தரக் கூடாது, அது விதி. கால் பங்கு பெரிசா, பூஜ்யம் பெரிசா?

ஒஹையோ அக்கா:
சித்தப்பா, அது பழைய கணக்கு. 2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, அதில் சேர்ந்த பல்கலைகளில் 11.7 என்ற உச்சவரம்பே போய்விட்டது. பதிலாக ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது: பேஸ்பாலுக்கு 34 பேர். பணம் இருக்கிற பல்கலை 34 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம், மனம் இல்லையென்றால் ஒருவருக்கும் தராமலும் இருக்கலாம். "நிச்சயம்" என்று எதுவும் இல்லை.

என் பையன் டிவிஷன் 3-ல் நாலு வருஷம் பந்து வீசினான். அவனுக்கும் பெரிய இடத்திலிருந்து அழைப்பு இருந்தது. சின்ன இடத்தை எடுத்ததற்கு அவன் சொன்ன காரணம் ஒன்றுதான்: "அங்கே போனால் சீருடை கிடைக்கும், இங்கே போனால் ஆட்டம் கிடைக்கும்." பெரிய அணிகள் இப்போது 18 வயசுப் பையனை எடுத்து வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியில் இரண்டு மூன்று வருஷம் ஆடித் தேறிய 21 வயசுக்காரனை டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) எடுப்பதையே விரும்புகின்றன. முன்பெல்லாம் மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். 2021-இல் ஒரு முறை உட்காராமல் மாறலாம் என்றார்கள், 2024-இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு கோடையிலும் உங்கள் பையன் இடத்துக்கு ஒரு புது ஆள் வரலாம்.

நீங்கள் முக்கியமானதைச் சொல்லவே இல்லை. பையன் அணியில் என்ன செய்கிறான், பந்து வீசுகிறானா, பிடிக்கிறானா? பெரிய பல்கலை பணம் தருகிறதா, வெறும் இடம் மட்டுமா? என்ன விசாவில் இருக்கிறீர்கள்? என்ன படிக்கப் போகிறான்?

சியாட்டில் மழை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போட்டிக்குப் பயந்து சின்ன இடத்தைத் தேடினால் அங்கேயே நின்றுவிடுவான். பந்து வீச்சாளர் குமார் ராக்கரைப் பாருங்கள், அம்மா வழியில் இந்திய ரத்தம். வாண்டர்பில்ட் பல்கலை மாதிரிப் பெரிய அணியில் முதல் வருஷமே, 2019-இல், டியூக் அணிக்கு எதிராக 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடித்தார். அந்த வருஷம் அவர்கள் பட்டமே வென்றார்கள். பெரிய இடத்தில் நல்ல கோச், நல்ல கருவி, டிவி, தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள். சின்ன இடத்தில் அந்தக் கோச் அடுத்த வருஷம் வேறு வேலைக்குப் போனால் என்ன செய்வீர்கள்?

ஒஹையோ அக்கா:
கோச் போவது பெரிய இடத்திலும்தான் நடக்கிறது, அதுவும் அடிக்கடி. ராக்கர் மாதிரி ஆள் எங்கே போனாலும் ஆடுவார், அவரை வைத்து நம் பிள்ளைக்கு வழி சொல்ல முடியாது. ஸ்கவுட் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய பந்து வீச்சாளர் பில்லி வாக்னர் படித்தது வர்ஜீனியாவில் ஃபெரம் என்ற சின்னக் கல்லூரியில், டிவிஷன் 3. தொழில்முறை அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1993-இல் 12-ஆவது ஆளாக எடுத்தார்கள், 2025-இல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். மணிக்கு 95 மைல் வேகத்தில் வீசினால் வயல் நடுவில் வீசினாலும் தேடி வருவார்கள். வீசாவிட்டால் எந்த ஸ்டேடியமும் உதவாது. அந்த டிராஃப்டே 40 சுற்றிலிருந்து 20 சுற்றாகக் குறைந்துவிட்டது.

பிராம்ப்டன் பிள்ளை:
அமெரிக்காவில உங்களுக்கு இப்பிடிக் கவலையாவது இருக்கு. இங்க ஒண்டாரியோவில பேஸ்மென்ட் வாடகையே மூச்சு முட்டுது. நான் வந்த புதுசில பகல் ஒரு வேலை, இரவு ஒரு வேலை, பிள்ளையின்ர விளையாட்டைப் பற்றி ஆர் கதைச்சது? முருங்கைக்காய் ஒரு கட்டு வாங்கப் போனா விலையைப் பாத்துத் திரும்பி வாறன்.

எடிசன் பழசு:
முருங்கைக்காயை விடுங்கள், கறிவேப்பிலை நாலு இணுக்கு என்ன விலை தெரியுமா?

கேட்டி சித்தப்பா:
இந்த டிராவல் பால் கொள்ளையையும் சொல்லுங்கள். பள்ளி அணி போதாதாம், கோடையில் தனியார் அணி. அதற்குத் தனிக் கட்டணம், தனிச் சீருடை, வாராவாரம் ஒரு ஊர், "டீம் ஹோட்டல்" என்று அவர்கள் சொல்கிற இடத்தில்தான் தங்க வேண்டும். என் அண்ணன் மகனுக்காகப் போய் 100 டிகிரி வெயிலில் உட்கார்ந்து மண்டை காய்ந்துவிட்டது. எட்டு வருஷம் இதற்குச் செலவழித்த பணத்தை ஒழுங்காக வங்கியில் போட்டிருந்தால் ஃபீஸே கட்டியிருக்கலாம். இவ்வளவும் செய்து ஸ்காலர்ஷிப் இல்லாத டிவிஷன் 3-க்கு அனுப்புவதா என்றுதான் கேட்கிறேன்.

பிரிஸ்கோ அம்மா:
மன்னிக்கணும், வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். பையன் கேட்சர், பிட்சர் வீசுகிற பந்தைப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பவன். எங்கள் வீட்டுக்காரர் வேலைக்காக நாங்கள் பத்து வருஷம் தோக்கியோவில், நிஷிகசாய் பக்கம் இருந்தோம். பேஸ்பால் அங்கே பள்ளியில் பிடித்த பழக்கம்தான். இப்போதும் மைதானத்துக்குள் காலடி வைக்கும்போது தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து வணங்குவான், இங்கே கூட ஆடுகிறவர்கள் முதலில் சிரித்தார்கள்.

வீட்டுக்காரருக்குக் கம்பெனி மாற்றல் விசா எல்-1, பிள்ளைக்குக் குடும்ப விசா எல்-2. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை, இரண்டு இடத்திலும் இருக்கிறது. பெரிய பல்கலை மெயிலில் "ப்ரிஃபர்டு வாக்-ஆன்" என்று போட்டிருக்கிறது. அது நல்ல வார்த்தையா? பணம் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சின்னக் கல்லூரி டிவிஷன் 3-தான், ஆனால் மார்க்குக்காக மெரிட் உதவி வரும் என்கிறார்கள். நவம்பர் 1-க்குள் எர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்கிறார் கோச்.

ஒஹையோ அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சே தேவையில்லை, தங்கச்சி. "ப்ரிஃபர்டு வாக்-ஆன்" என்றால் உதவித்தொகை இல்லை, வந்து அணியோடு பயிற்சி எடு என்று அர்த்தம். முன்பு அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. இப்போது 34 பேர் வரம்பை ஏற்ற பல்கலைகள் டிசம்பர் 1-க்குள் அந்த எண்ணிக்கைக்குள் வந்தாக வேண்டும். ஆகஸ்டில் சேர்த்து, இலையுதிர்காலம் முழுக்கப் பயிற்சி கொடுத்து, நவம்பர் கடைசியில் "சாரி" என்று சொல்லிவிட முடியும். அப்போது அவன் கையில் இருப்பது வெளியூர் ஹாஸ்டல் ரூமும் முழு ஃபீஸும்தான்.

அதிலும் கேட்சர்! பிட்சர் என்றால் ஒரே வாரத்தில் பத்துப் பேர் இறங்குவார்கள். கேட்சர் ஒரு நேரத்தில் ஒருத்தன்தான். முதல் ஆள் நல்லவனாக இருந்தால் மூன்றாவது, நாலாவது ஆளின் வேலை, புல்பென்னில் (பிட்சர்கள் தயாராகும் ஓரப் பகுதி) மற்ற பிட்சர்களின் பந்தைப் பிடித்துக் கொடுப்பது. முட்டி தேயும், ஸ்கோர் கார்டில் பெயர் வராது. உங்கள் பையன் இதைக் கணக்குப் போட்டுத்தான் பேசுகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்ஜினியரிங்கையும் சேர்த்துப் பாருங்கள். டிவிஷன் 1-ல் சீசனில் 56 ஆட்டம், டிவிஷன் 3-ல் 40. டிவிஷன் 1-ல் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று விதி இருக்கிறது, ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரம் என்றே எழுதிக்கொள்வார்கள், பஸ் பயணம் கணக்கிலேயே வராது. லேப் எல்லாம் பிற்பகலில், பயிற்சியும் பிற்பகலில். என் பையன் கல்லூரியில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபுக்காகச் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குத் தாமதமாக வர கோச்சே அனுமதித்தார். பெரிய அணிகளில் பல பேர் லேப் இல்லாத படிப்புக்கு மாறிவிடுகிறார்கள்.

சான் ஆன்டோனியோ வாசி:
மூன்றாவது வழியும் இருக்கிறது: ஜூனியர் காலேஜ், அதாவது இரண்டு வருஷக் கல்லூரி. ஹூஸ்டன் பக்கத்து சான் ஜெசின்டோவில்தான் புகழ்பெற்ற பிட்சர்கள் ரோஜர் கிளெமென்ஸும் ஆண்டி பெட்டிட்டும் ஆடினார்கள். ஃபீஸ் குறைவு. நாலு வருஷக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டோ 21 வயசோ ஆகும்வரை டிராஃப்டுக்குப் போக முடியாது, ஜூனியர் காலேஜிலிருந்து எந்த வருஷமும் போகலாம். நட்சத்திர வீரர் பிரைஸ் ஹார்ப்பர் அப்படித்தான் 2010-இல் முதல் ஆளாகப் போனார்.

எடிசன் பழசு:
கம்யூனிட்டி காலேஜா! மாமனாருக்கு மாரடைப்பு வந்துவிடும்.

ஆஸ்டின் விசாக்காரர்:
மாமனாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்குத் திங்கள்தான், நாலு நாள் இருக்கிறது. விசாவால் என்ன பாதிப்பு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

எல்-2 பிள்ளை கல்லூரியில் படிக்கலாம், தடையில்லை. ஆனால் 21 வயசானால் அந்த நிலை முடியும், அதற்கு முன்பே மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். படிப்பின் நடுவில் வரும் என்பதால் இப்போதே தேதியைக் குறித்து வையுங்கள். எல்-2 பிள்ளைக்கு வேலை அனுமதி கிடையாது. பெரிய பல்கலைகளில் வீரர்களுக்கு விளம்பரப் பணம் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலர் வாங்கக் கூடாது. ஃபாஃப்சா வழியாக வரும் அரசு உதவியும் உங்களுக்குக் கிடையாது. கல்லூரி தன் கையிலிருந்து தருவதுதான் உங்கள் கணக்கு. அந்த வகையில் பார்த்தால், "ஸ்காலர்ஷிப் இல்லாத" டிவிஷன் 3-தான் உங்களுக்குப் பணம் தருகிறது, "ஸ்காலர்ஷிப் உள்ள" டிவிஷன் 1 முழு பில் நீட்டுகிறது.

எர்லி டிசிஷன் என்பது கட்டுப்படுத்தும் வாக்கு. இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் வாபஸ் வாங்கிவிட வேண்டும். அதனால் கையெழுத்துப் போடும் முன் கோச்சிடம், அட்மிஷன் அலுவலகத்தில் "ப்ரீ-ரீட்" செய்து தரச் சொல்லுங்கள், மார்க் பட்டியலைப் பார்த்து வாய்ப்பு எப்படி என்று அவர்கள் சொல்லுவார்கள். பண விஷயத்துக்கும் தனியாக ஒரு மதிப்பீடு கேளுங்கள், எல்-2 என்று வெளிப்படையாகச் சொல்லியே கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். தோக்கியோ பள்ளி மார்க் பட்டியலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். டிவிஷன் 3 கோச் நீட்டுகிற கையெழுத்துக் காகிதம் போட்டோ எடுக்கத்தான், அது யாரையும் கட்டுப்படுத்தாது.

இரண்டு கோச்சுகளையும் பையனையே கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் பேச வேண்டாம். அணியில் எத்தனை கேட்சர்கள், யார் எந்த வருஷம் முடிக்கிறார்கள், கடந்த கோடையில் போர்ட்டலிலிருந்து கேட்சர் எடுத்தார்களா, வாக்-ஆனாக வந்த முதலாண்டுக்காரர்களில் எத்தனை பேர் டிசம்பருக்குப் பிறகும் இருந்தார்கள்.

சியாட்டில் மழை:
வாக்-ஆன் என்றால் நான் பேசியதை விடுங்கள். பணம் போட்ட ஆளுக்குத்தான் அவர்கள் நேரம் போடுவார்கள்.

பிரிஸ்கோ அம்மா:
பேசிவிட்டான். பெரிய பல்கலையில் உதவி கோச்தான் போனை எடுத்தார். கேட்சர்கள் ஐந்து பேர், இரண்டு பேர் போர்ட்டலிலிருந்து வந்தவர்கள், யாரும் இந்த வருஷம் முடிக்கவில்லை. வாக்-ஆன் கேள்விக்கு "அது சூழ்நிலையைப் பொறுத்தது" என்றாராம். சின்னக் கல்லூரியில் மூன்று பேர், அதில் ஒருவர் மே மாதம் பட்டம் வாங்குகிறார். ப்ரீ-ரீட் நாளைக்குள் வரும், பண மதிப்பீடு வியாழக்கிழமை. எண் சரியாக இருந்தால் வெள்ளி காலை விண்ணப்பம் போகும் என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். இன்னும் ஒன்று: சேரும் முன் சிக்கிள் செல் (பரம்பரை ரத்தக் குறைபாடு) ரிப்போர்ட் வேண்டும் என்று ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, எதற்கு அது?

ஒஹையோ அக்கா:
பயப்பட ஒன்றுமில்லை, என்சிஏஏ வீரர்கள் எல்லோரும் கொடுக்க வேண்டியதுதான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனே எடுத்த ரிப்போர்ட் மருத்துவமனையில் இருக்கும், நம் பிள்ளைகளுக்கு இருக்காது. குடும்ப டாக்டரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். டெக்சஸ் கல்லூரி என்றால் மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள், அதே நாளில் போட்டுவிடுங்கள். அப்புறம் காயம் பட்டால் பெரும்பாலும் உங்கள் இன்சூரன்ஸ்தான் முதலில் கட்டும், கல்லூரியுடையது மிச்சத்துக்கு. வீட்டுக்காரர் கம்பெனி இன்சூரன்ஸ் அந்த ஊர் டாக்டர்களிடம் செல்லுமா என்று அந்த அட்டையின் பின்பக்க எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டு வையுங்கள். கேட்சருக்குக் கட்டைவிரலில் அடி படாமல் ஒரு சீசன் போகாது.