புதுப்பிப்பு: பதுளை ரயில் போர்ட்ஃபோலியோ ஏறிவிட்டது

இலங்கை மலையகத்தில் நானுஓயாவிலிருந்து பதுளை வரை ரயிலில் போவதுபோல என் போர்ட்ஃபோலியோவை (என் புரொஜெக்டுகளைக் காட்டும் இணையதளம்) செய்கிறேன், தளங்களை வெளியிடும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் வெள்ளைத் திரைதான் வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். உதவிய அண்ணாமார், அக்காமாருக்கு நன்றி.

பிழை இரண்டும் என்னுடையவை. தளம், ரெப்போவின் (கிட்ஹப்பில் கோட் இருக்கும் இடம்) பெயரிலுள்ள துணைப்பாதையில் இருப்பதால், தளத்தைக் கட்டும் கருவியான வீட்டின் (Vite) அமைப்பில் 'பேஸ்' பாதையாக அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும். அடுத்தது, படக் கோப்பின் பெயரில் ஒரு கெப்பிட்டல் எழுத்து. விண்டோஸ் பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்காததால் அதில் ஓடியது; சேர்வர் பிரித்துப் பார்ப்பதால் அங்கே ஓடவில்லை.

தெமோதரை வளைவுதான் எனக்குப் பிடித்த இடம். ரயில் சுற்றி வந்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும். அதேபோல ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் அடியில் அதன் கோட் திறக்கும்.

நாங்கள் இருக்கும் லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்) சிக்னல் குறைவு. அம்மாவின் போனிலும் திறக்கட்டும் என்று படங்களைச் சிறிதாக்கினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "அப்புத்தளைய விட்டுட்டியேப்பா" என்றார். வழியிலுள்ள அந்த ஸ்டேஷனை இன்றிரவு சேர்க்கிறேன்.