கலைச்சொல்: ‘அண்மைவெளி’யா, ‘கையெட்டுவெளி’யா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

முதுகலை உளவியல் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவிருப்பதால், உடலைச் சுற்றிலும் நாம் தொட்டுச் செயற்படக்கூடிய பகுதியாக மூளை தனியே உணரும் வெளிக்கு ஒரு பெயரை இன்றே முடிவு செய்யுமாறு ஆசிரியை அம்மா கேட்டிருந்தார்கள். பேராசிரியர் ஐயா முன்மொழிந்த ‘அண்மைவெளி’க்கு ஆதரவு கூடியிருக்கிறது. அதன் எளிமையில் குறையில்லை, பொருளில் இருக்கிறது.

1996இல் அட்சுஷி இரிக்கியும் உடன் ஆய்வாளர்களும் ஜப்பானில் குரங்குகளைக் கோலால் உணவை இழுத்தெடுக்கப் பழக்கி, கையில் படும் தொடுகைக்கும் கையருகே தெரியும் பொருளுக்கும் ஒருசேரத் துலங்கும், மூளையின் மேற்பின்புறப் பகுதியான பெரைட்டல் கதுப்பின் நரம்பணுக்களை ஆராய்ந்தனர். கோலைச் சிறிது நேரம் பயன்படுத்தியபின் அவ்வணுக்களின் பார்வை ஏற்புப்புலம், அதாவது எங்கே பொருள் தெரிந்தால் அவை துலங்குமோ அந்தப் பகுதி, கோலின் நீளத்துக்கும் விரிந்தது. கோலை வெறுமனே பிடித்திருந்தபோது விரியவில்லை. 2000இல் பெர்ட்டியும் ஃபிரசினெட்டியும், மூளைப் பாதிப்பால் இடப்புறத்தைக் கவனிக்க இயலாத ஒருவரிடம் கோட்டின் நடுவைக் காட்டச் சொன்னார்கள். அருகிலிருந்த கோட்டில் வலப்புறம் விலகிக் காட்டியவர், தொலைவிலிருந்த கோட்டை ஒளிக்கற்றையால் சுட்டியபோது அவ்வாறு விலகவில்லை. அதே தொலைவில் நீண்ட கோலால் சுட்டியபோது பிழை மீண்டும் தோன்றியது. தொலைவு மாறவில்லை, எட்டுவதுதான் மாறியது. ‘அண்மை’ என்று எழுதிவிட்டு, அது கோலோடு நீள்கிறது என்று வகுப்பில் எப்படி விளக்குவது? துரட்டியால் கிளையை வளைத்துத் தழை பறிப்பவருக்கு அக்கிளை அண்மையில் இல்லை, ஆனால் எட்டுகிறது.

‘எட்டுவெளி’ என்றால் எண்ணுப்பெயராக மயங்கும் என்ற தடையை ஏற்கிறேன். ஆகவேதான் ‘கையெட்டுவெளி’ என்கிறேன். கோலின் நுனியைக் கை என்பது தகுமா என்று கேட்ட நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். யானையின் மூக்கைத் துதிக்கை என்றும், அதனால் அவ்விலங்கையே கைம்மா என்றும் அழைத்த மொழியில், உறுப்பைவிட அது செய்யும் தொழிலே ‘கை’ என்ற பெயரைப் பெற்றிருக்கிறது. தொல்காப்பியரும் வினைமுதலையும் கருவியையும் மூன்றாம் வேற்றுமைக்கே உரியவையாக்குகிறார். ‘தச்சனால் ஆயிற்று’, ‘உளியால் ஆயிற்று’ என இன்றும் இரண்டுக்கும் உருபு ஒன்றே. நரம்பியலுக்கு இது சான்றாகாது என்பதை அறிவேன்; எனினும் சொல் தேடுகிறவர்கள் கடந்துபோகக்கூடிய செய்தியன்று.

‘மெய்சூழ்வெளி’ செவ்வியது. ஆனால் மெய் என்றதும் உண்மையும் மெய்யெழுத்தும் மாணவர் நினைவில் முந்திக்கொள்ளும். ‘பெரிபெர்சனல் வெளி’ என்று ஆங்கிலச் சொல்லையே எழுதிவிடலாம் என்ற தம்பியின் யோசனை அச்சுக்கு உதவுமேயன்றி, முதன்முறை படிப்பவருக்கு எதையும் உணர்த்தாது.

பெரும்பான்மை ‘அண்மைவெளி’க்கே என்றால் கையேட்டில் அதுவே இடம்பெறட்டும். முதலில் வருமிடத்தில் மட்டும் ‘கையெட்டுவெளி என்றும் கூறலாம்’ என்று சேர்க்க வேண்டுகிறேன். என் மறுப்பு அப்படியே நிற்கிறது. உடலின் நீள அகலங்களைப் பற்றி மூளை கொண்டிருக்கும் கணிப்புக்கு ‘உடல்வரைவு’ போதுமா என்பதை இன்னும் யாரும் தொடவில்லை. அச்சுக்கு முன் அதற்கும் ஒரு சொல் வேண்டும்.