கேஷ் நம்ம காசுதானா? ஒரு சொல்லா, இரண்டா?

நாணயப்பித்தன்:
கேஷ் என்ற ஆங்கிலச் சொல் காசிலிருந்து போனதுதான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே தமிழ் மூலம் என்று இருக்கிறது. குறுந்தொகை 67இல் கிளியின் அலகிலுள்ள வேப்பம்பழத்துக்கு, புது நூலில் கோக்கும் பொற்காசு உவமை. அப்போது ஆங்கிலமே பிறக்கவில்லை.

வேர்தேடி:
அதே அகராதியில் கேஷ் இரண்டு தனிப் பதிவு ஐயா. தமிழ் மூலம் என்பது கீழை நாட்டுச் சில்லறைக் காசைக் குறிக்கும் சொல்லுக்கு மட்டும். சென்னையில் 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசை வெள்ளைக்காரன் 'கேஷ்' என்று எழுதினான். சதுர ஓட்டை போட்ட சீனக் காசுக்கும் அதே பெயர்.

ரொக்கப் பணம் என்ற கேஷ் வேறு. லத்தீன் 'காப்ஸா', அதாவது பெட்டி. இத்தாலியனில் காஸா, பிரெஞ்சில் கேஸ், போர்ச்சுகீசியத்தில் கைஷா. ஆங்கிலத்திலும் கேஷ் முதலில் பணப்பெட்டிதான். பிறகே உள்ளிருக்கும் பணம். நம்மூரில் 'கல்லா கட்டுது' என்கிறோமே, அங்கே பெட்டியையா சொல்கிறோம்?

நாணயப்பித்தன்:
கேஸ் எப்படிக் கேஷ் ஆகும்? 'ஷ்' எங்கிருந்து வந்தது? போர்ச்சுகீசியர் 1498லேயே கோழிக்கோடு வந்துவிட்டார்கள். அவர்கள் வழியாகக் காசு போயிருக்கலாமே.

வேர்தேடி:
'ஷ்' ஆங்கிலத்தின் வழக்கமான வேலை. பிரெஞ்சு ப்ரோஸ் ப்ரஷ் ஆனது, பரூவாஸ் பாரிஷ் ஆனது, லேஸ் லீஷ் ஆனது. போர்ச்சுகல் வழி என்றால் முதலில் 'சின்ன நாணயம்' என்ற பொருள் வந்திருக்க வேண்டும். ஆனால் 1598இல் ஃப்ளோரியோவின் இத்தாலிய-ஆங்கில அகராதி, காஸாவுக்கு வணிகரின் கேஷ் என்றே பொருள் தருகிறது. பெட்டி! கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதோ 1600இல்.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் பார்த்தால் இப்படித்தான் சறுக்கும். முதல் பதிவின் ஆண்டு, அப்போதைய பொருள், அண்டை மொழி வடிவங்கள், இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் ஒலி.

சும்மாபார்க்கிறேன்:
கேஷியர் காசாளர், சரி. பட்டாளத்தில் அதிகாரியை 'கேஷியர்' செய்தார்கள் என்றால் வேலையைப் பறித்தார்கள் என்கிறார்களே?

வேர்தேடி:
அது ஒட்டாத ஆள். ரத்து செய்வது என்ற பிரெஞ்சு 'காஸே', டச்சு வழியாக வந்தது. முந்திரியின் கேஷ்யூ பிரேசிலின் துப்பி மொழிச் சொல். உண்மையான பங்காளிகள் பெட்டி என்ற கேஸ், கேப்ஸ்யூல், வண்டிச் சேஸி. கோர்ட்டு கேஸ் கிடையாது. அது 'விழுதல்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது.

நாணயப்பித்தன்:
சரி, போர்ச்சுகீசியர் காசைக் 'கைஷா' என்று ஏன் எழுதினார்கள்? தங்கள் பெட்டிச் சொல்லோடு குழப்பித்தானே? அப்போது இரண்டும் கலந்துவிட்டது.

வேர்தேடி:
கலந்தது உண்மை, திசைதான் தலைகீழ். காசு அவர்கள் பெட்டியின் உருவத்தை வாங்கிக்கொண்டது. ரொக்கத்துக்குக் காசு எதையும் கொடுக்கவில்லை.

நாணயப்பித்தன்:
அடுத்து, காசே வடமொழி 'கர்ஷ'த்திலிருந்து வந்தது என்பீர்கள். கர்ஷம் எடை அளவு. குறுந்தொகையில் இருப்பது நூலில் கோக்கும் அணிகலன். அதற்கும் இதே மூன்று சோதனையை வையுங்கள், தனி இழையில் பேசுவோம்.