மூணு தொடர் எண்களோட வர்க்கம் கூட்டினா முழு வர்க்கம் வருதுங்குது என் புரோகிராம், நம்பலாமா?

கேள்வி:
அடுத்தடுத்த ரெண்டு எண்ணோட வர்க்கத்தைக் கூட்டினா சில சமயம் முழு வர்க்கம் வரும்ல, 3, 4க்கு 5², 20, 21க்கு 29², ஆனா மூணோ அதுக்கு மேலயோ எடுத்தா வரவே வராதுன்னு எனக்கு ஒரு யூகம். 10 எண் வரைக்கும் பைத்தான்ல ஓட்டினேன், ஒண்ணும் சிக்கல, சரி மூணை மட்டும் இன்னும் பெருசா விடுவோம்னு ராத்திரி பூரா ஓடவிட்டா காலைல 80198050, 80198051, 80198052 முழு வர்க்கம்னு நிக்குது, ரூட் 138907099ஆம்! ரூட் எடுத்து பாயிண்டுக்குப் பின்னாடி சைபரான்னுதான் செக் பண்றேன். மறுபடி ஓட்டியும் அதேதான். யூகம் போச்சா?

பதில் 1:
கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்க. மூணு வர்க்கமும் 0, 1, 4ல முடியுது, கூட்டினா 5. உங்க ரூட்டோட வர்க்கம் 1ல முடியும். சரியா 4 வித்தியாசம். உண்மையான ரூட் அந்த முழு எண்ணை விட 0.0000000144 தான் அதிகம், ஃப்ளோட்டுக்கு, அதாவது கம்ப்யூட்டர் தசம எண்ணைக் குறிப்பிட்ட இலக்கத்தோட நிறுத்தி வச்சுக்கிற முறைக்கு, அந்த அளவுல அவ்ளோ நுணுக்கம் கிடையாது, அதுவும் 2⁵³ தாண்டிட்டா கூட்டுத்தொகையே முழுசா உள்ள நிக்காது. பைத்தான் 3.8லேர்ந்து ஐஎஸ்க்யூஆர்டின்னு (math.isqrt) ஒரு ஃபங்ஷன் இருக்கு, முழு எண்ணாவே ரூட் தரும், அதை வர்க்கம் பண்ணி சமமான்னு பாருங்க.

பதில் 2:
மூணுக்கு ஓட்டவே வேணாம்ங்க. நடு எண் ந-ன்னா கூட்டல் 3ந²+2, மூணால வகுத்தா மீதி 2. எந்த வர்க்கத்துக்கும் மீதி 0 இல்லாட்டி 1 தான், முடிஞ்சுது.
ஆனா "அதுக்கு மேலயோ"ங்கிற பகுதி தப்பு, ஒரு படி முன்னாடி நிறுத்திட்டீங்களே! 11 எண் எடுங்க, 18லேர்ந்து 28 வரைக்கும், 77² வரும். 24 எண்ணுக்கு 1லேர்ந்து 24 வரை கூட்டினா 4900, அதாவது 70². 1லேர்ந்து ஆரம்பிச்சா 1ஐ விட்டா இது ஒண்ணுதான்னு லூகாங்கிற பிரெஞ்சு கணித மேதை 1875ல சொன்னாரு, 1918ல வாட்சன்ங்கிற இன்னொரு கணித மேதை முழுசா நிரூபிச்சாரு.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, செக்கை மாத்தினதும் அந்த 8 கோடி ஐட்டம் காணோம். 11க்கு 18–28 உடனே வந்துச்சு, அடுத்து 38–48, ரூட் 143, அப்புறம் 456–466, ரூட் 1529. பாத்ததும் அவ்ளோ சந்தோஷம். நாலு எண்ணுக்கு மீதி வச்சு நானே போட்டேன், 4ஆல வகுத்தா எப்பவும் 2, அதனால வராது. இப்ப 5க்கு உக்காந்திருக்கேன்.