கால்பந்து டிக்கெட் விலை ஏறுவது வீரர் சம்பளத்தாலா?

கேள்வி (திருப்பூர்):
பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி கால்பந்து கிளப் ஐ-லீக் என்ற இந்திய லீக் கோப்பையை வென்றபோது தொண்டை கட்டும்வரை கத்தினேன். இங்கிலாந்து டிக்கெட் விலையைக் கேட்டால் தலை சுத்துதுங்க. சம்பளம்தான் காரணமா?

பதில் (ஈரோடு):
முழுக்க இல்லைங்க தம்பி. பெரிய கிளப்புகளுக்கு டிவி பணமே கொட்டுகிறது. 2016 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் முதலாளிகள் 77 பவுண்டு டிக்கெட் அறிவித்தார்கள். அதை எதிர்த்து ஒரு ஆட்டத்தில் சரியாக 77ஆம் நிமிடம் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை, முடிவில் 2-2! சில நாளில் அந்த விலை வாபஸ்.

பதில் (பொள்ளாச்சி):
ஜெர்மனியில் முதலாளி மட்டும் முடிவெடுக்க முடியாதபடி 50+1 என்று ஒரு விதி. பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டு கிளப்பின் உறுப்பினர்களான ரசிகர்கள் கையில்தான்.

கேட்டவர்:
சரிங்ண்ணா. இங்கே எழுந்து போவதற்கு முதலில் கேலரியில் ஆள் வேணுமே!